ரொவேதல் கோயில் மணி

ஈரெஸ் ஸ்கொபெல்லுக்கு வாய் கொஞ்சம் நீளம். மலைச்சரிவில் மண் ரோட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. பின்சீட்டில் சண்டை வந்தால் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் பேரைச் சொல்லி அதட்டுவாள். எதிரே திராட்சை ஏற்றிய டிராக்டர் வழிவிடாமல் நின்றால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த டிரைவரின் மூன்று தலைமுறையையும் விசாரிப்பாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "கேக்கவந்தவன் எல்லாம் பாதி வழியிலயே பஸ்ஸை விட்டு எறங்கிட்டான்" என்பாள். ஐம்பத்திரண்டு வயதிலும் அந்தப் பேச்சில் ஒரு குறையும் இல்லை.

இவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் சின்ன வயதிலிருந்து பதில் தெரியாது. உங்கள் ஊர் எது என்ற கேள்விதான் அது.

பிரேசில் மலையிலுள்ள எங்கள் சாந்தா ஜூலியானாவில் யாரைக் கேட்டாலும் முன்னோர்கள் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த கதையைச் சொல்வார்கள். கப்பலில் எத்தனை குழந்தைகள் செத்தன, இங்கே காட்டை எப்படி வெட்டினார்கள், முதல் திராட்சைக் கொடியை யார் எதில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. இத்தாலியில் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் வாய் அடைத்துப்போகும். யுத்த காலத்தில் இத்தாலிய மொழியே பேசக்கூடாது என்று சட்டம் வந்தபோது, போலீஸ்காரர்கள் வீடு வீடாகப் புகுந்து ஜெபப் புத்தகம், பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கோயில் வாசலில் குவித்துக் கொளுத்திவிட்டுப் போனார்கள். பயந்துபோன பெரியவர்கள் அதற்குப் பிறகு ஊர்ப் பேரை வீட்டுக்குள்ளும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மறந்தும் போய்விட்டது.

மேட்டுக் கோயில்காரர்களுக்கு அந்தக் குறை கிடையாது. மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், அவர்கள் காகிதங்களை ஒரு கெட்டிக்காரி பன்றிக் கொட்டிலில் புதைத்துக் காப்பாற்றிவிட்டாள். அதனால் அவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பேரும் தெரியும், அங்கே தாத்தா குடியிருந்த தெருவும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கேட்டபோது அந்தப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்கள். ஈரெஸ் "இத்தாலி" என்றாள். "இத்தாலி ஒரு ஊரா? இவங்க எல்லாம் வழிதவறி வந்த கோழிங்க டீச்சர்" என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

அதனால்தான் பஸ் ஓட்டும் வேலை கிடைத்ததும் வாசல் வாசலாகக் கேட்க ஆரம்பித்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு ஏதாவது ஒரு வீட்டு முன்னால் பஸ்ஸை நிறுத்துவாள். ஒரு டம்ளர் ஒயின் குடிப்பாள். "நெசத்தைச் சொல்லுங்க, உங்க வீட்ல பழசா என்ன இருக்கு?" என்பாள். அப்படிச் சேர்ந்ததெல்லாம் அப்பாவின் ஒயின் நிலவறையில் போய் உட்கார்ந்தது. பொலெந்தா என்கிற சோளமாவுக் களி கிண்டும் செப்புக் கொப்பரை, வைக்கோல் தொப்பி, ஒரு பக்கம் உடைந்த நுகத்தடி, யாரென்றே தெரியாத பெண்களின் படங்கள். வாசலில் "பழசு வீடு" என்று ஒரு பலகையை மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஜனங்கள் வந்து பார்த்துவிட்டு, "என் கொப்பரையைக் குடு, விருந்து இருக்கு" என்று திரும்ப வாங்கிக்கொண்டும் போனார்கள். அதற்காக அவள் போட்ட சண்டையை எழுதினால் தனிக் கதையாகிவிடும்.

ஊர்ப் பேர் மட்டும் எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. கடைசியில் அது கோயிலிலேயே இருந்தது. ஒவ்வொரு பிப்ரவரியும் சாந்தா ஜூலியானா திருவிழாவில் எங்கள் பாடகர் குழு ஒரு பாட்டைப் பாடும். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த பாட்டு:

ரொவேதல் கோயில் மணி
ரொம்ப தூரம் கேக்கும் மணி
பாதிரியார் நல்லவரு
பாலு தரும் கோயில் பசு

ரொவேதல் என்றால் சொர்க்கத்தின் இன்னொரு பேர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வேதப்பாடம் சொல்லிக்கொடுத்த சிஸ்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஒருநாள் பஸ் ரிப்பேருக்குப் போயிருந்தபோது, பொழுது போகாமல் ஈரெஸ் கம்ப்யூட்டரில் இத்தாலி வரைபடத்தைத் துழாவினாள். வடக்கே மலைக்கு நடுவில் ரொவேதல் என்று ஒரு கிராமம். கோயில் இருந்தது. மணிக்கூண்டு இருந்தது. அவள் எழுந்து வீட்டைச் சுற்றி ஓடினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்வாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அவள் எழுதினாள், அவர்கள் பதில் போட்டார்கள். இரண்டு ஊரும் அண்ணன் தம்பி ஊர்களாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், திருவிழாவுக்கு நாங்களே வருகிறோம் என்று ரொவேதல் மேயர் எழுதியிருந்தார். கோயில் கமிட்டித் தலைவர் அடெலார், பேசவே காசு கேட்கிற மனுஷன், அவரே கையைவிட்டுச் செலவு பண்ணி ஒரு பெரிய கருங்கல்லைக் கோயில் வாசலில் நட்டு வைத்தார். "நாங்கள் ரொவேதல் மக்கள்" என்று அதில் செதுக்கியிருந்தது. ஈரெஸ் பஸ்ஸை வேண்டுமென்றே மேட்டுக் கோயில் வழியாகச் சுற்றி ஓட்டினாள். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு "ரொவேதல், ரொவேதல்" என்று கத்திக்கொண்டு போனார்கள்.

திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் போச்சா மைதானத்துக்குப் போனாள். மரப்பந்து உருட்டி விளையாடும் அந்தக் கொட்டகையில்தான் ஊரே நோனோ, அதாவது தாத்தா, என்று கூப்பிடும் ஜெனுயீனோ பகல் முழுக்க இருப்பார். தொண்ணூறைத் தாண்டிய கிழவர். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவருடைய பழைய தொப்பியை இரவல் கேட்கத்தான் ஈரெஸ் போனாள்.

"யாரு வர்றாங்கன்னு இந்தப் பாடு?" என்றார் கிழவர்.

"ரொவேதல்காரங்க நோனோ. நம்ம ஊர்க்காரங்க."

கிழவர் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார். "நம்ம ஊர்க்காரங்களா? அந்தத் திருட்டுப்பசங்களா?"

"என்ன சொல்றீங்க?"

"பாட்டு தெரியும்ல உனக்கு? அடுத்த அடி தெரியுமா?"

"அடுத்த அடியா? அது அவ்வளவுதானே."

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பல்லில்லாத வாயால் நன்றாக ராகம் போட்டே பாடினார்:

ப்ரதோரா மணியல்லோ
பாதி ராத்திரி போனதல்லோ
பாதிரிக்கும் பங்கு உண்டு
பசுவும்கூட எங்க பசு

ஈரெஸ் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ப்ரதோரா என்ற பேரை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. "யாரு நோனோ ப்ரதோரா?"

"நாமதான். ஓடைக்கு இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் அவனுங்க. கிண்டல் பாட்டுடி அது. ஊரே சேர்ந்து ஓடைக்கரையில நின்னு அவனுங்களைப் பாத்துப் பாடுறது. எங்கப்பா இங்க திராட்சை மிதிக்கிறப்ப பாடுவாரு."

"பின்ன கோயில்ல எப்படி?"

"மொதல் அடியில மணி இருக்கு, சாமியார் இருக்காரு. அந்தக் காலத்துப் பாதிரியாருக்குப் பிடிச்சிருச்சு, அதை மட்டும் வச்சுக்கிட்டாரு. நான் ரெண்டாவதைப் பாடினேன். காதைப் பிடிச்சு வெளிய தள்ளினாரு. அன்னையிலிருந்து நானும் உள்ள போகல."

"இத்தனை வருஷம் ஊர் ஊர்னு அலையுறேனே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ வீடு வீடாப் போய்க் கொப்பரை கேட்ட. எங்கிட்ட என்னைக்காவது பாட்டு கேட்டியா? கமிட்டிக் கூட்டத்துக்குத்தான் என்னை யாராவது கூப்பிட்டீங்களா?"

போச்சா விளையாடும் கிழவர்களை அவள் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை என்பது உண்மைதான்.

நேராக அடெலாரிடம் போனாள். அவர் கசாப்புக்காரனோடு விலாக்கறிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவளைத் தள்ளிக்கொண்டு போய் ஒயின் பீப்பாய்களுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் கிழவருக்கும்."

"அப்ப யாருக்கும் தெரியாது. கிழவரை அடுப்புப் பக்கம் உக்கார வச்சு, டம்ளர் காலியாகாம பாத்துக்க. ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் பொறந்தா என்ன, அந்தப் பக்கம் பொறந்தா என்ன? விமானம் ஏறிட்டாங்க ஈரெஸ். கல்லு நட்டாச்சு. இப்ப போயி 'உங்களைத் திட்டுற பாட்டை வச்சு உங்களை வரவழைச்சோம்'னு சொன்னா, மேட்டுக் கோயில்காரன் நம்மளை எத்தனை தலைமுறைக்குச் சிரிப்பான்னு நெனச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். தன்னைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு கவலைப்படவில்லை. கவலையெல்லாம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தின பிள்ளைகளைப் பற்றித்தான். ஒரு ஊரை அவர்கள் கையில் கொடுத்தவளே இப்போது அதைப் பிடுங்க வேண்டும். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வருகிறவர்கள் விருந்துக்கு நடுவில் அவமானப்பட்டு எழுந்து போனால், பழசு வீட்டையும் தன்னையும் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தாள். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவளுக்கு அது புது அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. ரொவேதலிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மேயர் அல்வீஸே, ஒல்லியான சின்ன வயசுக்காரர், எதைப் பார்த்தாலும் கைகுலுக்கினார். கூட வந்தவர்களில் ஒர்னெல்லா என்று ஒரு அம்மாள், எழுபது வயதிருக்கும், பாலாடைக்கட்டி விற்றுப் பிழைத்தவள். அவள் பேச ஆரம்பித்ததும் எங்கள் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். மற்றவர்களெல்லாம் டெலிவிஷன் இத்தாலியன் பேச, அவள் ஒருத்தி நாங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். "எங்க பாட்டன் செத்ததிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்கல. ஏன்டி, இன்னும் ரெண்டு வார்த்தை பேசு" என்று அவள் சமையல்காரிகளைப் பிடித்துப் பிடித்துக் கேட்டாள்.

கோயில் கூடத்தில் விருந்து தடபுடலாக இருந்தது. கறி அடைத்த மாவுருண்டை மிதக்கும் அஞ்ஞொலினி சூப்பு, நெருப்பில் வாட்டிய கறி, பன்றிக்கொழுப்பு தாளித்துக் கொட்டிய கசப்புக்கீரை, ஒவ்வொரு மேசைக்கும் பெரிய ஜாடி ஒயின். ஒரு மூலையில் ஆண்கள் மோரா விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். விரலை நீட்டி மொத்த எண்ணிக்கையைக் கத்துகிற ஆட்டம் அது, யார் பெரிதாகக் கத்துகிறார்களோ அவர்களே ஜெயித்த மாதிரி. மேயர் அதிலும் புகுந்து தொண்டை கட்டும்வரை கத்தித் தோற்றார். அடுப்பருகே ஜெனுயீனோ ஒரு சாது போல உட்கார்ந்து கறி தின்றுகொண்டிருந்தார். ஈரெஸ் மட்டும் தட்டைத் தொடாமல் அவருடைய டம்ளரை நிரப்பிக்கொண்டு நின்றாள்.

பிறகு பாடகர் குழு மேடையேறிப் பாடியது. ரொவேதல் கோயில் மணி, ரொம்ப தூரம் கேக்கும் மணி. நூறு தொண்டைகள் கூடச் சேர்ந்துகொண்டன. மேயர் பூரித்துப்போய்க் கைதட்டினார். ஒர்னெல்லா கைதட்டவில்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஈரெஸ் பதறிப்போய்ப் பக்கத்தில் போனாள்.

ஒர்னெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் இருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது அழுகை இல்லை.

"ஏம்மா, பாட்டு இவ்வளவுதானா?"

அடெலார் எதிர்மேசையிலிருந்து கண்ணை உருட்டினார். இவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, எல்லாரும் சந்தோஷமாக விமானம் ஏறியிருப்பார்கள்.

"நெசத்தைச் சொல்லு" என்றாள் ஒர்னெல்லா.

அது ஈரெஸ் கேட்கிற கேள்வி. முப்பது வருஷமாக ஒவ்வொரு வாசலிலும் நின்று அவள் கேட்டது. பொய் சொல்லி அனுப்பியவர்களை அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள், அந்த வீட்டுப் பக்கம் மறுபடி போகவே மாட்டாள்.

"இன்னொரு அடி இருக்கு" என்றாள்.

"பாடு."

"பாடினா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க."

"பாடு நீ."

அவள் மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே, பின்சீட்டு வரைக்கும் கேட்கிற தன் பஸ் குரலில் பாடினாள். ப்ரதோரா மணியல்லோ, பாதி ராத்திரி போனதல்லோ. பசுவும்கூட எங்க பசு என்று முடிக்கும்வரை நிறுத்தவில்லை. அடெலார் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"எங்களை மன்னிச்சிருங்க. நாங்க உங்க ஊர் இல்ல. நாங்க ப்ரதோரா. போன வெள்ளிக்கிழமைதான் எனக்கே தெரியும். தப்பு என்னோடது, இந்த ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் ஈரெஸ்.

ஒர்னெல்லா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எழுந்து போகப் போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தோம். அவள் இடுப்பில் கையை ஊன்றினாள், முகவாயை உயர்த்தினாள், ஈரெஸ்ஸைப் பார்த்து அதே ராகத்தில் எசப்பாட்டு எடுத்தாள்:

ப்ரதோரா ஆம்பளைங்க
பகலெல்லாம் தூங்கையிலே
மணியும் மாடும் தானா வந்து
மானமுள்ள ஊரைச் சேந்துதல்லோ

பிறகு அடுப்புப் பக்கமிருந்து ஜெனுயீனோவின் சிரிப்பு கிளம்பியது. "திருட்டுப்பசங்க, பதிலைப் பாத்தியா, பதிலை" என்று அவர் தொடையில் அடித்துக்கொண்டார். அவ்வளவுதான், கூடம் முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. எங்கள் ஆண்களுக்கு ரோஷம் வந்து, அப்போதுதான் கேட்ட இரண்டாவது அடியைத் தப்பும் தவறுமாகக் கத்தினார்கள். ரொவேதலிலிருந்து வந்த ஒன்பது பேரும் மேசையைத் தட்டிக்கொண்டு ஒர்னெல்லாவின் அடியைத் திருப்பிப் பாடினார்கள். எண்ணிக்கையில் நாங்கள் அதிகம், சுருதியில் அவர்கள் அதிகம். மேட்டுக் கோயிலிலிருந்து விருந்துக்கு வந்திருந்தவர்களுக்குக் கிண்டல் செய்யக்கூட இடம் கிடைக்கவில்லை, எந்தப் பக்கம் சேர்ந்து பாடுவது என்றே தெரியாமல் விழித்தார்கள்.

"உங்களுக்குக் கோபம் வரலையா?" என்று ஈரெஸ் ஒர்னெல்லாவைக் கேட்டாள்.

"கோபமா? என் தாத்தா எனக்கு இந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தாரு. 'யாரைப் பாத்துப் பாடணும் தாத்தா?'ன்னு கேட்டேன். 'அவங்க எல்லாம் போயிட்டாங்க'ன்னாரு. அறுபது வருஷமா வச்சிருக்கேன்மா வாய்க்குள்ள. பாட ஆள் இல்ல."

"ப்ரதோராவுல யாருமே இல்லையா?"

"கூரையே இல்லை. மொத்த ஊரும் ஒரே வருஷத்துல கப்பல் ஏறிருச்சாம். சுவருக்கு நடுவுல கஷ்கொட்டை மரம் நிக்குது. நாங்கதான் போய்க் கொட்டையைப் பொறுக்கிட்டு வர்றோம். 'எங்க மரத்துல ஏன்டா கை வச்ச'ன்னு கேக்க ஒரு நாதியில்ல. அப்படிப் பொறுக்கித் திங்கிறது நல்லாவே இல்ல, தெரியுமா?"

இப்போது அழுதது ஈரெஸ்தான். மூக்கைச் சிந்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அழுதாள். கிடைத்த ஊர் ஒரே நாளில் இடிந்த ஊராகிப்போனதற்கு அழுதாளா, கேட்க நாதியில்லை என்ற அந்த வார்த்தைக்கு அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சுற்றிலும் அவள் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் மேசைமேல் ஏறி நின்று "மணியைக் குடு, மாட்டைக் குடு" என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் போய்விட்டதே என்று அவர்களில் ஒருத்தருக்கும் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஒரு நல்ல சண்டை கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

மேயர் ஒப்பந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு பேனாவும் கையுமாக நின்றார். "இதுல அண்ணன் தம்பி ஊர்கள்னு போட்டிருக்கு. இப்ப அப்படிக் கையெழுத்துப் போட்டா செத்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்து அடிப்பாங்க" என்றார்.

"பங்காளின்னு போடுங்க" என்றார் ஜெனுயீனோ. யாரும் கூப்பிடாமலே டம்ளரோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். "பாகம் பிரிச்சுட்டு, ஆயுசுக்கும் சண்டை போட்டுக்கிட்டு, நல்லது கெட்டதுக்கு மட்டும் ஓடிவர்றவன்."

மேயர் அண்ணன் தம்பியை அடித்துவிட்டு மேலே பங்காளிகள் என்று எழுதினார். அடெலாருக்குச் செலவு ஞாபகம் வந்தது. வாசல் கல்லைத் திருப்பி நட்டு, பின்பக்கத்தில் ப்ரதோரா என்று செதுக்கினால் புதுக் கல் வாங்க வேண்டியதில்லை என்று அங்கேயே கணக்குச் சொன்னார்.

ஈரெஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாய் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும் மேயரே. மணி விஷயம் பேசுவோம். நெசமாவே திருடினீங்களா?"

மேயர் தர்மசங்கடமாக ஒர்னெல்லாவைப் பார்த்தார். ஒர்னெல்லா அவரைச் சட்டை பண்ணாமல் ஈரெஸ்ஸிடம் சொன்னாள்: "நான் சின்னப் பிள்ளையில மணிக்கூண்டுல ஏறிப் பாத்திருக்கேன். மணியிலயே வார்த்திருக்கு. ப்ரதோரான்னு."

கூடத்தில் கூச்சல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

"அப்ப திருப்பிக் குடுங்க" என்றாள் ஈரெஸ்.

"அனுப்பவெல்லாம் மாட்டோம்" என்றாள் ஒர்னெல்லா. "வேணும்னா நீங்க வந்து தூக்கிட்டுப் போங்க. எல்லாரும் வாங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு சத்தமாக் கேளுங்க, நாங்க தர மாட்டோம்னு சொல்றோம்."